சாவு வீட்டில் ஒரு பிளேட்டு

ஊருக்கெல்லாம் அவள் பாடகி, எனக்குச் சித்தி. கிராமபோன் வைத்திருந்தவர்கள் அவள் பிளேட்டை வைத்தார்கள்; இல்லாதவர்கள் அவர்கள் வீட்டு வாசலில் நின்று கேட்டார்கள். மைலாப்பூரில் அவள் குரல் கேட்காத தெரு அப்போது இல்லை. பாட்டின் கடைசியில் அவளே தன் பெயரைச் சொல்லி முடிப்பாள். அந்தக் காலத்துப் பிளேட்டு வழக்கம் அது. அதனாலோ என்னவோ, முன்பின் தெரியாதவன்கூட அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டான். கோயிலிலும் கூப்பிடுவான், கத்தரிக்காய் வாங்குகிற இடத்திலும் கூப்பிடுவான்.

எனக்கு ஏழெட்டு வயதிருக்கும்போது அவளுடைய ஒரே பிள்ளை காய்ச்சலில் போய்விட்டான். நடக்கப் பழகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. சித்தப்பாவும் அப்பாவும் அவனைத் துணியில் சுற்றித் தூக்கிக்கொண்டு கிளம்பியபோது சித்தி வாய்விட்டு அலறினாள். வாசலில் தெருவை அடைத்துக்கொண்டு கூட்டம். துக்கம் கேட்க வந்தவர்கள் என்றுதான் நினைத்தோம். அந்தத் தடியன்கள் பிள்ளையைக் கொண்டுபோக வழிகூட விடவில்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்த ஒருவன் பக்கத்திலிருந்தவனிடம் சொன்னான்:

"அளுவும்போதுகூட சுதி இன்னா சுத்தமா கீது பாரு நைனா."

மற்றவன் கச்சேரியில் ஆட்டுகிற மாதிரியே தலையை ஆட்டினான்.

அது சித்தியின் காதில் விழுந்துவிட்டது. முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். ஜன்னலைச் சாத்தினால் தட்டினார்கள். விரட்டினால் கொஞ்சம் தள்ளி நின்றார்கள். அவள் மறுபடி அழுவாள் என்று வெற்றிலை போட்டுக்கொண்டு காத்திருந்தார்கள், மகராசர்கள். வெகுநேரம் கழித்துச் சித்தி அம்மாவிடம் சொன்னாள்:

"என் பிளேட்டை வை, அக்கா. நிறுத்தாம வை."

அம்மா கிராமபோனை ஜன்னலோரம் நகர்த்திச் சாவி கொடுத்தாள். சித்தி சாமான் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். வாசலில் கூட்டம் கப்சிப்பென்று ஆகிவிட்டது. பிள்ளையைப் பறிகொடுத்த அன்றே பாட்டு வைத்தவள் என்று உறவுக்காரர்கள் அவளை வாய்க்கு வந்தபடி பேசினார்கள். அவள் சாகிறவரைக்கும் பேசினார்கள். பேசியவர்களில் ஒருவராவது அன்று அந்தக் கதவுப்பக்கம் போகவில்லை.

நான் அந்தக் கதவில் சாய்ந்துதான் உட்கார்ந்திருந்தேன். அது எனக்கு மிகவும் பிடித்த பாட்டு. உள்ளேயிருந்து ஏதோ சத்தம் குறுக்கே வந்து பாட்டைக் கெடுத்துக்கொண்டிருந்தது. எனக்கு எரிச்சலாக இருந்தது. சித்தியைச் சும்மா இருக்கச் சொல் என்று அம்மாவிடம் போய்ப் புகார் சொன்னேன்.

பாட்டு முடிந்து, பிளேட்டில் சித்தி தன் பெயரைச் சொன்னாள். அம்மா முள்ளைத் தூக்கி மறுபடி முதலிலிருந்து வைத்தாள்.