அரை மணி நேர இலவச ஆலோசனை

லொரெய்ன் ஃபியரனுக்கு ஐம்பத்தெட்டு வயது. இங்கிலாந்தின் வைட்ஹேவன் ஊரில் குடும்ப வழக்கு எடுக்கும் ஐந்து ஆபீஸ்களில், இல்லாதவர்களுக்கு அரசாங்கச் சட்ட உதவியில் வாதாட எஞ்சியிருந்த ஒரே வக்கீல் அவள். அந்த உதவிக் கட்டணம் என் மகன் பிறந்த காலத்திலிருந்து ஏறவேயில்லை. அவனுக்கு இப்போது தலை வழுக்கை. பயிற்சிக்கு வந்த பிள்ளைகள் எல்லாம் மான்செஸ்டருக்குப் போய்க் கம்பெனிகளுக்கு வேலை பார்க்கிறார்கள். நான் குறை சொல்லவில்லை. சரி, கொஞ்சம் சொல்கிறேன்.

நான் டாட். அவள் ஆபீஸில் வரவேற்பு மேஜையில் இருபத்திரண்டு வருடம் உட்கார்ந்தவள். மற்ற பெயர்களை மாற்றித்தான் எழுதுகிறேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஹெய்லி என்ற பெண் மணிக்கட்டில் மாவுக்கட்டோடு வந்தாள். கட்டுக்குக் காரணம் புருஷன். இரண்டு பிள்ளைகளும் தன்னிடமே இருக்க வேண்டும் என்று அவன் மனுப் போட்டிருந்தான். வெள்ளிக்கிழமை விசாரணை.

யார் வந்தாலும் எதிராளியின் பெயரை முதலில் கம்ப்யூட்டரில் தேட வேண்டும். கிரேக் மாஸப் என்று தட்டினேன். பெயர் இருந்தது. மூன்று வாரத்துக்கு முன் எங்களிடம் இலவச ஆலோசனைக்கு வந்திருக்கிறான். நான்தான் அவனுக்கு டீ போட்டுக் கொடுத்தேன். "இந்த ஊர்ல குடும்ப கேஸ் பாக்கறவங்க வேற யார் யாருங்க?" என்று தேனொழுகக் கேட்டான். நாலு பெயரையும் முகவரியோடு எழுதிக் கொடுத்த மகராசி நான்தான்.

ஒருவனுடைய விஷயத்தை உட்கார்ந்து கேட்டுவிட்ட வக்கீல், அதே வழக்கில் அவனுக்கு எதிராக நிற்க முடியாது. அவன் வந்தான் என்பதைக்கூட வெளியே விடக் கூடாது.

"மன்னிச்சிடும்மா, உன் கேஸை என்னால எடுக்க முடியாது," என்றாள் லொரெய்ன்.

"ஏன்?"

"ஏன்னு சொல்லவும் முடியாது."

"நீங்களும்தானா? மத்த நாலு பேரும் இதையேதான் சொன்னாங்க, ஒரு வார்த்தை மாறல. எல்லாரும் சேந்து மனப்பாடம் பண்ணீங்களா?"

"கார்லைல்ல ரெண்டு பேர் இருக்காங்க. நம்பர் தர்றேன்."

"பேசிட்டேன். அடுத்த மாசம் பன்னண்டாம் தேதிதான் பாப்பாங்களாம்." ஹெய்லி கோட்டை எடுத்துக்கொண்டாள். "என் பக்கம் ஒருத்தரும் நிக்க மாட்டாங்கன்னு கிரேக் சொன்னான். சரியாத்தான் சொல்லியிருக்கான்."

அவள் போனதும் எனக்குப் பொறுக்கவில்லை. "அவன் வந்தான்னு ஒரு வார்த்தை சொல்லித் தொலைச்சா என்ன?"

"சொன்னா என் லைசென்ஸ் போயிடும் டாட். அது போனாலும் போகட்டும். நாளைக்கு இங்க வர்றவ எவ என்னை நம்பி வாயைத் திறப்பா?"

"இன்னிக்கு வந்தவ?"

லொரெய்ன் அடுத்த ஆளைக் கூப்பிடச் சொன்னாள்.

வெள்ளிக்கிழமை வேறொரு வழக்குக்காக நாங்கள் வொர்க்கிங்டன் கோர்ட்டில் இருந்தோம். நடைவழி பெஞ்சில் ஹெய்லி தன் காகிதங்களை மளிகைப் பையில் வைத்துக்கொண்டு தனியாக உட்கார்ந்திருந்தாள். கிரேக் லங்காஸ்டரிலிருந்து ஒரு வக்கீலைக் கூட்டி வந்திருந்தான். எங்களைப் பார்த்ததும் அவனுக்குச் சும்மா இருக்க முடியவில்லை.

"என்ன லொரெய்ன் மேடம், சௌக்கியமா? அன்னிக்கு அரை மணி நேரம் ரொம்ப உபயோகமா இருந்துச்சு. டாட், நீங்க குடுத்த லிஸ்டுக்கும் தேங்க்ஸ்!"

அவனுடைய வக்கீலுக்கு முகம் செத்துப்போனது. ஹெய்லி எழுந்து நின்றாள்.

"அஞ்சு பேரையும் போய்ப் பாத்தியா, கிரேக்?"

"நாலு இடம் பாத்துத்தானே நல்லதா ஒண்ணு எடுக்கணும்," என்று சிரித்தான்.

நான் தரையைப் பார்த்தேன். அதற்குள் அவர்களை உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள்.

முக்கால் மணி நேரம் கழித்து ஹெய்லி வெளியே வந்து நேராக எங்களிடம் நடந்தாள்.

"அஞ்சு ஆபீஸ்லயும் என்ன சொன்னாங்க, இவன் இங்க என்ன சொன்னான், எல்லாத்தையும் அப்படியே சொன்னேன். அஞ்சு பேரையா பாத்தாருன்னு ஜட்ஜ் கேட்டாங்க. அவன் வக்கீல் ரொம்ப நேரம் பேப்பரைப் புரட்டினாரு. நான் ஒரு வக்கீல் பாத்துக்க அடுத்த மாசம் இருபதாம் தேதி வரைக்கும் டைம் குடுத்திருக்காங்க. அதுவரைக்கும் பிள்ளைங்க என்கிட்டதான்."

"நல்லதும்மா," என்றாள் லொரெய்ன்.

"உங்களுக்கு அன்னிக்கே தெரியும்ல?"

லொரெய்ன் வாயைத் திறக்கவில்லை. திறக்க மாட்டாள் என்று எனக்குத் தெரியும். எனக்கே அவளை உலுக்க வேண்டும் போலிருந்தது.

ஹெய்லி மளிகைப் பையைத் தோளில் மாட்டினாள். "மூணு நாளா, நான்தான் ஏதோ தப்பான பொம்பள போலன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேங்க," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

எங்கள் வழக்கைக் கூப்பிட்டார்கள். இரண்டாம் முறை கூப்பிட்ட பிறகுதான் லொரெய்ன் எழுந்தாள்.