கோவில்பட்டி ஜெம்பே வட்டத்தில் நான் அடித்த அடி

சனிக்கிழமை மதியம் ஒன்றரை மணிக்கு எப்போதும்வென்றானில் பஸ் ஏறினோம். எட்டயபுரம் வழியாகக் கோவில்பட்டி சுமார் முப்பது கிலோமீட்டர். கூட வந்தவள் பக்கத்து வீட்டு மருமகள் மாரிச்செல்வி, ஆறு மாதப் பிள்ளைத்தாச்சி. கோவில்பட்டியில் ஆப்பிரிக்க மேளம் சொல்லிக்கொடுக்கிறார்கள், யாரும் போகலாம் என்று போனில் பார்த்தது முதல் அவளுக்கு அதே பேச்சு. “பெரியவுக கூட வந்தா போ” என்று மாமியார் சொல்லிவிட்டாள். அதனால் நான் போனேன்.

பஸ் ஸ்டாண்டிலிருந்து ஆட்டோவுக்கு அறுபது ரூபாய். “மேளம் அடிக்கவா போறீக? அப்ப எங்க கல்யாணத்துக்கும் வாங்க” என்று ஆட்டோக்காரர் சிரித்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

மூன்று மணிக்கு ஆரம்பம். சர்ச்சுக்குப் பின்னால் உள்ள ஹாலில் ஆணும் பெண்ணுமாக இருபது பேர் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். சொல்லிக்கொடுப்பவர் தாமஸ் மாஸ்டர், நாகர்கோவில்காரர். மேற்கு ஆப்பிரிக்காவில் வேலை பார்த்தபோது கற்றுக்கொண்டாராம். ஜெம்பே என்கிற அந்த மேளம் உரல் மாதிரி இடுப்புச் சிறுத்தது, மேலே ஆட்டுத்தோல். குச்சி கிடையாது, வெறும் கைதான். நடுவில் அடித்தால் ‘தும்’, ஓரத்தில் விரலால் அடித்தால் ‘த’. முழங்கால்களுக்கு நடுவில் இடுக்கிக்கொள்ள வேண்டும். ஆம்பளைகள் முன்னால் அப்படி உட்கார எனக்கு உயிரே போனது. முந்தானையை இழுத்து மடியில் போட்டுக்கொண்டேன்.

அங்கே ஒரு வழக்கம். ஒருவர் தோன்றியதை அடிப்பார், மற்றவர்கள் அதையே திருப்பி அடிப்பார்கள். என் முறை வந்தது.

“வேண்டாம் சார்.”

“தெரிஞ்சதை அடிங்கம்மா. இங்க தப்பே கிடையாது.”

கை தானாக அடித்தது. பிடித்தும் போனது. பலமாக அடித்தேன். வட்டம் முழுக்கத் திருப்பி அடித்தபோதுதான் எனக்கு உறைத்தது. எங்கள் ஊரில் பிணம் தூக்கும்போது அடிக்கிற அடி அது. அந்தச் சத்தம் தெருவில் கேட்டாலே பிள்ளைத்தாச்சியை உள்ளே அனுப்பிக் கதவைச் சாத்துவோம். இங்கே மாரிச்செல்வி வயிற்றோடு மேளத்தை அணைத்து அதையே அடித்துக்கொண்டிருந்தாள்.

“அருமை! ஆப்பிரிக்காவுலயும் ஒவ்வொரு காரியத்துக்கும் ஒரு அடி உண்டு. இது எதுக்கும்மா?”

“கோயில் கொடைத் திருவிழாவுக்கு” என்று சொல்லிவிட்டேன்.

“அப்போ இன்னொரு தடவை எல்லாரும்!”

மறுபடி முழங்கியது. பொறுக்க முடியவில்லை. எழுந்துவிட்டேன். “நிறுத்துங்க சார். பொய் சொல்லிட்டேன். அது எழவு வீட்டு அடி. இந்தப் பிள்ளை மாசமா இருக்கா.”

எல்லாக் கையும் நின்றது. யாரோ களுக்கென்று சிரித்தார்கள். “தெரியாம கேட்டுட்டேன்மா” என்று மாஸ்டர் வேறு அடி தொடங்கினார். அதன்பிறகு நான் மேளத்தைத் தொடவில்லை.

ஐந்தே முக்கால் பஸ்ஸில் திரும்பினோம்.

“ஏட்டி, உன் மாமியாருக்கு நான் என்ன பதில் சொல்ல?”

“ஒண்ணும் சொல்லாண்டாம். எனக்கு எடுத்தவுடனே தெரிஞ்சுபோச்சு பெரியம்மா.”

“பின்ன ஏன் கூட அடிச்ச?”

“நான் கையை எடுத்தா எல்லாரும் உங்களையில்லா பாப்பாக. அப்பந்தான் நீங்க மொத தடவையா தலையை நிமித்தி அடிச்சீக.”

வழியெல்லாம் ஜன்னல் பக்கமே திரும்பியிருந்தேன். வெளியே கரிசல் காடு இருட்டிக்கொண்டு வந்தது.

ஊரில் இறங்கியபோது மாமியார் காத்து நின்றாள். “நீங்க கூட இருக்கீகன்னுதான் நான் நிம்மதியா இருந்தேன்” என்று என் கையைப் பிடித்தாள். அடித்துச் சிவந்த கை. மெல்ல உருவி முந்தானைக்குள் வைத்துக்கொண்டேன்.