பெரிய எழுத்தோடு வந்த புதுப்பிப்பு

மலை உச்சி வானிலை நிலையத்தில் பதினொரு வருடமாக அளவெடுக்கும் பெண்மணிக்கு வேலை என்னவோ சுலபம்தான். மூன்று மணி நேரத்துக்கொரு தடவை காற்றையும் மழையையும் அளந்து வயர்லெஸ்ஸில் கீழே சொல்லிவிட வேண்டும். மிச்ச நேரத்தை ஓட்டுவதுதான் பெரும்பாடு. இணையம் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காது. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற அக்கா வந்து சேர்ந்த பிறகுதான் அந்த அறையில் பேச்சுச் சத்தமே கேட்டது.

துறைமுகத்தை நடத்தும் கம்ப்யூட்டர் விளையாட்டு ஒன்றில் சகோதரிகள் இருவருக்கும் பைத்தியம். தங்கை கப்பலை நகர்த்துவாள். அக்கா சரக்குச் சீட்டைப் படித்து உத்தரவு போடுவாள். விளையாட்டுகளைப் பூட்டுப் போடாமல் விற்கும் இணையக் கடை ஒன்று உண்டு; அதை அந்தப் பூட்டில்லாத கடையில் வாங்கியிருந்தார்கள். அங்கே வாங்கினால் கோப்பு நம் கைக்கே வந்துவிடும். விளையாட இணையமே வேண்டாம். சனிக்கிழமை மாற்று ஆள் வந்ததும் நகர நூலகத்துக்குப் போய்ப் பென்டிரைவில் ஏற்றி வந்தால் போதும்.

போன வருடம் அக்காவின் கண்களில் அழுத்த நோய் வந்தது. சொட்டு மருந்தால் பார்வை மேலும் குறையாமல் நின்றது. ஆனால் சீட்டைப் படிக்க முடியவில்லை.

"இது எழுத்தா, எறும்பு ஊருதா? நீயே விளையாடு, போ" என்று நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்துவிட்டாள்.

அடுத்த வாரமே நூலகத்தில் தங்கைக்கு ஒரு செய்தி கண்ணில் பட்டது. அந்த விளையாட்டுக்குப் பெரிய எழுத்து வசதியோடு புதுப்பிப்பு வந்து ஐந்து மாதமாம். வந்தது, இணையம் இருந்தால்தான் விளையாட விடும் பெரிய கடையில் மட்டும். பூட்டில்லாத கடையில் பழையதே கிடந்தது. வெளியிட்ட கம்பெனிக்கு எழுதினாள். 'உங்கள் கருத்து எங்களுக்கு மிக முக்கியம்' என்று இயந்திரம் பதில் போட்டது.

"முக்கியம்னா ஒரு மனுஷன் பதில் சொல்ல வேண்டியதுதானே?" என்றாள் அக்கா.

மறு சனிக்கிழமை தங்கை அந்தக் கடையின் வாடிக்கையாளர் இணைய மன்றத்தில் தன் கதையைக் கொட்டினாள். அவள் நூலகத்தை விட்டுக் கிளம்புவதற்குள் ஒருவர் பதில் எழுதிவிட்டார். லிஃப்ட் பழுது பார்ப்பவர். மன்றத்தில் 'பட்டியல்காரர்' என்பார்கள். இப்படிப் புதுப்பிப்பு வராமல் பின்தங்கிய முந்நூற்றுச் சொச்சம் விளையாட்டுகளைப் பட்டியல் போட்டு வைத்திருந்தார்.

'கம்பெனியோட மல்லுக்கட்டாதீங்க. இதைச் செஞ்சவங்க ரெண்டே பேர். அவங்க வேலைய முடிச்சுக் கொடுத்திருப்பாங்க, கம்பெனி பெரிய கடையில ஏத்திட்டுக் கைகழுவியிருக்கும். அவங்களுக்கே எழுதுங்க' என்று முகவரியும் தந்தார்.

எழுதினாள். விளையாட்டைச் செய்த இருவரில் ஒருத்தி உடனே பதில் போட்டாள்: 'எல்லாக் கடையிலயும் ஏத்தியாச்சுன்னுதான் எங்ககிட்ட சொன்னாங்க. மன்னிச்சுக்கோங்க. நானே பேசறேன்.'

கம்பெனியில் ஏற்றும் பொறுப்பில் இருந்தவர் எப்போதோ வேலையை விட்டுப் போயிருந்தாராம். அந்தப் பெண் பேசி அவர் இடத்தில் ஆளைப் போட வைப்பதற்குள் மூன்று சனிக்கிழமைகள் ஓடின. நான்காவதில் புதுப்பிப்பு வந்திருந்தது.

அக்கா திரையருகே குனிந்தாள். "நாப்பது மூட்டை உப்பு. மூணாம் மேடை." அதே சீட்டை இன்னொரு தடவை நிதானமாகப் படித்தாள். பிறகு, "ஏன்டி, கப்பல நாலாம் மேடையிலயா நிறுத்தி வச்சிருக்க?" என்றாள். தங்கைக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

நன்றி சொல்ல எழுதியபோதுதான் தெரிந்தது, பட்டியல்காரர் அந்த விளையாட்டை வாங்கியதே இல்லை என்று. முன்பின் தெரியாத யாருக்காகவோ இத்தனை வருடம் ஒரு மனிதர் இந்தப் பட்டியலைச் சுமந்திருக்கிறார்! அவளுக்கு நெஞ்சு நிறைந்துபோனது. 'எங்களுக்கும் கொஞ்சம் பிரிச்சுக் கொடுங்க' என்று கேட்டாள். நாற்பது விளையாட்டுகளின் பெயர்களை அனுப்பினார்.

இப்போது அளவெடுப்புக்கு நடுவே, அவற்றைச் செய்தவர்களுக்குக் கடிதங்கள் தயாராகின்றன. முப்பது வருடம் நீதிமன்றத்தில் தட்டச்சராக இருந்தவள் அக்கா. விசைகளைப் பார்க்கவே வேண்டாம்.

"கொஞ்சம் சூடா எழுதலாமா?" என்று தங்கை ஒருநாள் கேட்டாள்.

"வேணாம். இந்தக் கடையில வாங்கினவங்களும் இருக்காங்கன்னு ஞாபகப்படுத்துவோம். மறந்துதான் போயிருப்பாங்க."

நாற்பதில் இதுவரை ஐந்து விளையாட்டுகளுக்குப் புதுப்பிப்பு வந்துவிட்டது. ஒவ்வொன்று வரும்போதும் யாரோ ஒருவர் மன்றத்தில் நன்றி எழுதுகிறார். தங்கை அதைக் காகிதத்தில் எழுதிக்கொண்டு மலையேறி, அக்காவுக்குப் படித்துக் காட்டுகிறாள்.