வெள்ளச்சி வழியாக ஒரு பேச்சுவார்த்தை

எனக்கும் என் ஓரகத்திக்கும் மூன்று வருஷமாகப் பேச்சு இல்லை. என் கணவரின் தம்பி மனைவி அவள். இரண்டு வீட்டுக்கும் நடுவே இடுப்பளவு சுவர் ஒன்றுதான். தப்பு என்னுடையது. எங்கள் பக்கம் பங்காளி வீட்டுக்கு விசேஷம் சொல்வதென்றால் புருஷனும் பெண்டாட்டியும் தட்டில் வெற்றிலை பாக்கு வைத்துக்கொண்டு நேரில் போய் அழைக்க வேண்டும். நான் என் மகள் பெரிய மனுஷியான சீருக்குப் பத்திரிகையைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டேன். பக்கத்து வீடுதானே என்ற மெத்தனம். அவள் வரவில்லை. "கூப்பிடாத ஊட்டுக்கு நாய்தான் போகும்" என்று ஊரெல்லாம் சொன்னாள். கெடக்கறா போ என்று நானும் விட்டுவிட்டேன்.

அதற்குப் பிறகு எல்லாம் சாடைப் பேச்சுதான். அவள் வீட்டில் வெள்ளச்சி என்று ஓர் ஆடு. எனக்குச் சொல்ல வேண்டியதை அவள் அதனிடம் சொல்வாள். நானும் சுவருக்கு இந்தப் பக்கமிருந்து அதே ஆட்டிடம் பதில் சொல்வேன். மோட்டார் முறை, தென்னை மட்டை, எல்லா வழக்கும் வெள்ளச்சி முன்னால்தான். அண்ணனும் தம்பியும் மட்டும் ஒன்றுமே நடக்காத மாதிரி ஒரே ரிக் லாரியில் ஆழ்துளைக் கிணறு போடப் போய், ஒரே சட்டியில் பொங்கித் தின்றுகொண்டிருந்தார்கள். திருச்செங்கோட்டு வண்டி போகாத ஊர் உண்டா? அந்தக் கோடையில் ராஜஸ்தானில், எல்லையை ஒட்டிய ஒரு கிராமத்தில் இருந்தார்கள்.

அப்போதுதான் இரண்டு நாட்டுக்கும் சண்டை மூளப் போகிறது என்று டி.வி. கத்த ஆரம்பித்தது. என் கணவருக்குப் போன் போகவில்லை. கொழுந்தனாருக்கும் லைன் கிடைக்கவில்லை. ரிக் ஓனர் வீட்டுக்கே போய்க் கேட்டேன். "கொழாயி குழிக்குள்ள மாட்டிக்கிச்சுங்க. எடுத்துட்டுத்தான் வண்டி கெளம்பும்" என்றார். குழாயாம் குழாய்! இரும்பு போனால் வாங்கலாம், ஆள் போனால்? நன்றாகச் சத்தம் போட்டுவிட்டு வந்தேன். வந்தும் சோறு இறங்கவில்லை.

டி.வி.யில் ஒருவர் விளக்கிக்கொண்டிருந்தார். இரண்டு நாட்டுக்காரர்களும் நேருக்கு நேர் பேசமாட்டார்களாம். நடுவில் வேறு யார் யாரோ நின்று, இவர்கள் சொன்னதை அவர்களுக்கும் அவர்கள் சொன்னதை இவர்களுக்கும் சொல்கிறார்களாம். அழுகைக்கு நடுவிலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அட, இத்தனை பெரிய மனிதர்களுக்கும் ஒரு வெள்ளச்சி வேண்டியிருக்கிறதா!

மூன்றாம் நாள் காலையில் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் அவள் குரல் கேட்டது.

"ஏ வெள்ளச்சி, இப்பத்தான் போனு வந்துச்சு. ரெண்டு பேரும் நல்லாருக்காங்களாமா. பெரியவரு போனு கீழ உளுந்து ஒடஞ்சு போச்சாமா."

சட்டியைப் போட்டுவிட்டுச் சுவரோரம் ஓடினேன். "அப்பத் தம்பி போனுல இருந்து எனக்கு ஒரு வார்த்தை பேசறதுக்கென்ன வெள்ளச்சி?" என்றேன்.

அவள் தணிந்த குரலில் சொன்னாள். "பெரிய ஊட்டு நம்பரு அந்தப் போனுல இல்ல. சீரு முடிஞ்சன்னிக்கு நாந்தான் அழிக்கச் சொன்னேன், எம்போனுலயும் அழிச்சுட்டேன். பெரியவருக்கும் மனப்பாடம் இல்லியாமா. மேடேறிப் போனாத்தான் டவர் கெடைக்குதாமா. சாயங்காலம் கூப்புடுவாங்க, அப்பச் சொல்லிக்கலாம்."

இருபது வருஷம் குடும்பம் நடத்தியவருக்கு என் நம்பர் தெரியாது! வரட்டும், வைத்துக்கொள்கிறேன் என்று நினைத்தேன். வந்தால் போதும் சாமி என்றும் நினைத்தேன்.

பத்து எண்ணையும் ஒவ்வொன்றாக ஆட்டிடம் உரக்கச் சொன்னேன். அது அசை போட்டுக்கொண்டு நின்றது. அவள் கரித்துண்டால் சுவரில் எழுதினாள்.

"கடைசி ஏழா, ஒம்பதான்னு கேளு வெள்ளச்சி."

"ஒம்பதுங்க" என்றேன். ஆட்டுக்கு மரியாதை கொடுத்துப் பேசிய முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன்.

சாயங்காலம் என் போன் அடித்தது. "சோறு தின்னியா?" என்றார் என் கணவர். அவ்வளவுதான், லைன் போய்விட்டது. சுவரோரம் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். நிமிர்ந்தபோது சுவர்மேல் ஒரு தூக்குப்போசி இருந்தது. உள்ளே சோறும் கொள்ளுப் பருப்பும். "ஆறிப்போகுது வெள்ளச்சி" என்ற சத்தம் மட்டும் வந்தது. மூன்று நாளைக்குப் பிறகு அன்றுதான் வயிறாரச் சாப்பிட்டேன்.

பிறகு சண்டை நின்றது. யார் யாரிடம் என்ன பேசினார்களோ, யார் விட்டுக்கொடுத்தார்களோ, எனக்குத் தெரியாது. பேசியவர்களும் அவர்கள் பிள்ளை குட்டிகளும் நன்றாயிருக்கட்டும். குழாயை எடுத்துக்கொண்டு வண்டி ஊர் வந்து சேர்ந்தது. அண்ணனும் தம்பியும் கருத்துப்போய், முழுசாக இறங்கினார்கள்.

கருப்பணாருக்குக் கிடா வெட்டுவதாக வேண்டியிருந்தேன். இளம்பிள்ளைப் பட்டுச் சேலை கட்டிக்கொண்டு, என் கணவரையும் இழுத்துக்கொண்டு, தட்டில் வெற்றிலை பாக்கோடு பத்தடி தள்ளியிருந்த அந்த வாசலுக்குப் போனேன். தட்டை நீட்டினேன்.

அவள் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

"இதுக்கேனுங்க அக்கா இத்தனை தூரம் நடந்து வந்தீங்க? வாட்ஸ்அப்புல போட்டிருந்தா வந்திருப்பமுல்ல?"

மூன்று வருஷத்தில் ஆடு இல்லாமல் அவள் என்னிடம் பேசிய முதல் பேச்சு அது. அவர் விழுந்து விழுந்து சிரித்தார். எனக்குச் சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. "நீ நல்லா இருக்கோணும் சாமி" என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.