அழகமுத்துவின் சாம்பிராணிக் கார்

றக்வான மலைப் பாதையில் ஓடிய கார்களில் ஒன்று மட்டும் தனக்குத்தானே சாம்பிராணி போட்டுக்கொண்டது. அது அழகமுத்துவின் கார்.

தேயிலைத் தொழிற்சாலை லொறியை இருபத்தாறு வருடம் ஓட்டி ஓய்வு பெற்றவர் அவர். அதன்பின் வாங்கிய அந்தச் சிவப்புக் காருக்கு முப்பது வயது. தோட்டத்தில் கல்யாணம், பிரசவம், பாஸ்போர்ட் எடுக்கப் போகும் பயணம் எல்லாம் அதில்தான். மேலே ஏற ஏறப் பனிமூட்டம் கண்ணாடியை மறைக்கும். அழகமுத்து காற்றடிக்கும் புளோவரைப் போடுவார். கண்ணாடி தெளியும். கூடவே டாஷ்போர்ட் ஓட்டைகளிலிருந்து மெல்லிய புகையும் சாம்பிராணி மணமும் வரும். பின்சீட்டுச் சனம் கன்னத்தில் போட்டுக்கொள்ளும்.

"முத்தண்ணே, சாமி இன்னைக்கு வந்திருக்காருங்க."

"வராம? பெரஹர ஊர்வலம் பாக்கவா போயிருவாரு?"

அவர் மனைவி வெள்ளையம்மா மட்டும் கும்பிடவில்லை. போன கிழமை அவள் காலடியில் ஒரு பொறி தெறித்து விழுந்தது. அன்றே நிவித்திகலயில் பழைய இரும்பு வாங்கும் மர்சூக்குக்குப் போன் போட்டுவிட்டாள்.

"வியாழக்கெழம பதினொரு மணிக்கு வர்றாரு. குடுத்துருங்க. இல்லாட்டி நான் எங்க தங்கச்சி வீட்டுக்குப் போயிர்றேன்."

"அதுக்குள்ள வயரிங்கச் செஞ்சுட்டா?"

"செஞ்சா பாப்போம்."

வியாழக்கிழமை காலை கார் ஸப்வான் பாஸின் கராஜில் நின்றது. வாகனங்களுக்கு வயரிங் செய்வதில் அந்தப் பக்கத்தில் அவனுக்குப் பேர் இருந்தது. வெள்ளையம்மா ஒரு பழைய டயர் மீது நீதிபதி போல உட்கார்ந்திருந்தாள்.

ஸப்வான் டாஷ்போர்டுக்குக் கீழே இடதுபக்கத் தட்டைக் கழற்றி உள்ளே கைவிட்டான். புளோவர் மோட்டருக்குப் போகும் வெள்ளைக் கனெக்டர் கருகி, வெல்லப்பாகு போல இளகிக் கிடந்தது.

"அண்ணே, பியூஸ் எத்தன அம்ப்ஸ்?"

"பதினஞ்சு போட்டா அடிக்கடி போச்சு பாஸ். முப்பது போட்டேன். அப்பறம் போகவே இல்ல."

"பியூஸ் போகல. வயர் போச்சு."

மோட்டர் ஏன் இவ்வளவு கரண்டை இழுக்கிறது என்று பார்க்க, அதையே வெளியில் இழுத்தான். விசிறிக்குள்ளிருந்து காய்ந்த செவ்வந்தி, வெற்றிலை, விபூதிக் கட்டி, சாம்பிராணித் துண்டுகள், சுருட்டிய காகிதங்கள் என்று ஒரு சின்னக் கோயிலே கொட்டியது.

விசயம் இதுதான். முன்கண்ணாடிக்குக் கீழே, வைப்பருக்குப் பக்கத்தில், காற்று உள்ளே போக ஒரு சல்லடை உண்டு. ஆயுத பூசைக்கு அழகமுத்து அதன்மேல் பூவும் சாம்பிராணியும் வைப்பார். பார்த்த சனம் அதை உண்டியல் என்று எடுத்துக்கொண்டு, குறைகளை எழுதிப் போட்டது. பூவும் காகிதமும் விசிறியை அடைத்தன. சாம்பிராணி, விசிறியின் வேகத்தைக் குறைக்கும் சுருள்கம்பியின் சூட்டில் புகைந்தது.

ஸப்வான் ஒவ்வொன்றாகப் பிரித்தான். "'எங்க சுதாகரனுக்குக் கட்டார் விசா கெடைக்கணும்.'"

"போயிட்டான்," என்றார் அழகமுத்து பெருமையோடு.

"'சுப்பர்வைசருக்கு மாத்தம் வரணும்.'"

"வந்துருச்சு."

மூன்றாவதின் ஓரம் கருகியிருந்தது. ஸப்வான் மனசுக்குள் வாசித்துவிட்டு அதை அழகமுத்துவிடம் நீட்டினான்.

"படிங்க. நான் போட்டதுதான்," என்றாள் வெள்ளையம்மா.

'காரு சாமிக்கு. என் புருசன் ஒங்களுக்குள்ளேயே கருகிப் போறதுக்கு முந்தி, நீங்களாப் பாத்துப் பழைய இரும்புக்குப் போயிரணும். இப்படிக்கு வெள்ளையம்மா, மூனாம் லயம்.'

அழகமுத்துவின் கண் கலங்கியது. இருபத்தெட்டு வருட இல்வாழ்க்கையில் அவருக்காக அவள் எழுதிய ஒரே கடிதம். அதையும் காருக்கு எழுதியிருந்தாள்.

அந்த நேரம் பார்த்து மர்சூக்கின் லொறி வந்து நின்றது. "ஏத்தலாமா?"

"எடுத்துட்டுப் போங்க மொதலாளி," என்றார் அழகமுத்து.

டயர் மீதிருந்து எழுந்தது வெள்ளையம்மாதான். அவர் இத்தனை சுலபமாக விட்டுக்கொடுப்பார் என்று அவள் எதிர்பார்க்கவில்லை.

"பொறுங்க மொதலாளி. பாஸ், ஒங்க வேலைய முடிங்க. நான் கை வச்சுப் பாக்கணும்."

ஸப்வான் விசிறியைச் சுத்தம் செய்தான். தடித்த வயரும் புதுக் கனெக்டரும் மாற்றி, பதினைந்து அம்ப்ஸ் பியூஸ் போட்டு, புளோவரை முழு வேகத்தில் விட்டான். வெறும் காற்று வந்தது. காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றியைத் தொடுவது போல வெள்ளையம்மா வயரைப் பிடித்தபடி பத்து நிமிடம் நின்றாள்.

"சுடல," என்றாள்.

"அப்ப நான் நிவித்திகலயில இருந்து வந்தது?" என்றார் மர்சூக்.

"டீ குடிச்சிட்டுப் போங்க."

மறுநாள் சல்லடை மேல் கம்பிவலை ஏறியது. முன்சீட்டில் வெள்ளையம்மா ஏறினாள். முதல் ஹயர் சவாரிக்கு வந்த பிரேமலதா கண்ணை மூடிக் காற்றை மோந்து பார்த்துவிட்டு, "சாமி எங்கங்க?" என்று கேட்டாள்.

"எறங்கிட்டாரு," என்றாள் வெள்ளையம்மா. "நீங்க ஏறுங்க."