நாகராசு கையில் கட்டிய கயிறு

செவந்தியின் அடையாள அட்டையில் ‘ஒருங்கிணைப்பாளர்’ என்று போட்டிருக்கிறது. அதைப் பார்த்தாலே எனக்கு எரிச்சல் வரும். குடியும் கூடவே நாலு நோயும் உள்ளவர்களை ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அழைத்துப்போகும் தொண்டு நிறுவன வேலை அது. யாரை ஒருங்கிணைக்க விட்டார்கள் அவளை?

நாகராசு ஜெகதாப்பட்டினம் மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸ் பெட்டி தூக்குபவர். காசநோய், சர்க்கரை, விடிந்ததும் கை நடுக்கம் நிற்பதற்கென்றே குடி. செவந்தி அவரைப் புதுக்கோட்டைக்கு அழைத்துப்போனாள். காசநோய் டாக்டர், “குடிச்சுக்கிட்டே மாத்திரை போட்டா ஈரல் போயிரும். குடிய விட்டுட்டு வரச் சொல்லுங்க” என்றார். குடிநோய் மையத்திலோ, “இந்த இருமலோட சேக்க முடியாது. அதச் சரி பண்ணிட்டு வாங்க” என்றார்கள். மனுஷனைப் பந்தாடினார்கள், வேறென்ன? “ரெண்டு பேரும் ஒரு தடவ பேசிக்கிடுங்க சார்” என்று செவந்தி கெஞ்சியதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

நாகராசுவின் மனைவி சந்தனம் யோசித்தாள். குடியை விட்டால்தானே மருந்து? கோயிலுக்குக் கூட்டிப்போய், இனித் தொடமாட்டேன் என்று சாமி முன்னால் சத்தியம் வாங்கி, கையில் கயிறு கட்டவைத்தாள். எங்கள் பக்கத்தில் குடியை நிறுத்த அதுதான் தெரிந்த வழி. வருஷக்கணக்காகக் குடித்த உடம்பு ஒரேயடியாக நிறுத்தினால் தாங்காது என்று அவளுக்கு எந்தப் படித்தவர் சொன்னார்? செவந்தியிடம்கூட நல்ல சேதியாக அப்புறம் சொல்லலாம் என்றிருந்துவிட்டாள்.

மூன்றாம் நாள் வலிப்பு வந்தது. ஆம்புலன்ஸில் புதுக்கோட்டைக்குக் கொண்டுபோனபோது அதே காசநோய் டாக்டர்தான் ஓடி வந்தார்.

“யாரும்மா இப்படித் திடீர்னு நிறுத்தச் சொன்னது? உசிரே போயிருக்கும்!”

“நீங்கதான் சார்” என்றாள் சந்தனம். புருஷனின் கயிறு கட்டிய கையைத் தூக்கிக் காட்டினாள்.

நாகராசு பிழைத்துக்கொண்டார். மறுநாள் டாக்டர், “குடிநோய் மையத்துல ஒரு வார்த்தை கேட்டுட்டு வாங்க” என்றதும் செவந்திக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“நீங்களே போன் போடுங்க சார். போடுற வரைக்கும் நான் இங்கிட்டுத்தான் நிப்பேன்.”

போட்டார். மையத்து டாக்டர் அவரோடு படித்தவராம். மேசையிலிருந்த டீ ஆறுவதற்குள் பேச்சு முடிந்தது. மையத்து டாக்டரே வார்டுக்கு வந்து பார்ப்பார், இரண்டு வைத்தியமும் சேர்ந்தே நடக்கும்.

சந்தனம் டாக்டரைக் கையெடுத்துக் கும்பிட்டாள். செவந்தி கும்பிடவில்லை.

“இவ்வளவுதானா சார்?” என்றாள்.