சாக்பீஸ் வட்டங்கள்

தாம்பரத்துக் கல்லூரியில் என்னோடு தத்துவம் படித்தவர்கள் பதினோரு பேர். படிப்பை வைத்துப் பிழைப்பதாகப் பீற்றிக்கொண்டவன் நான் ஒருவன்தான். இரண்டாயிரங்களின் தொடக்கத்தில் சானடோரியம் பக்கம் ஒரு மாடி அறையில் இணையதளங்கள் வடிவமைத்துக் கொடுத்தேன். ஒருவரை இசைய வைக்க மூன்று வேண்டும் என்று பழைய கிரேக்க ஞானி ஒருவர் சொன்னதாக வகுப்பில் படித்திருந்தோம்: சொல்பவன் மேல் நம்பிக்கை, கேட்பவன் மனதில் ஓர் அசைவு, சொல்லில் நியாயம். வருகிற வாடிக்கையாளர்களிடமெல்லாம் இதைச் சொல்லிக் கழுத்தறுப்பேன். பாதிப் பேர் டீ குடித்துவிட்டு நழுவிவிடுவார்கள்.

நழுவாதவன் என் வகுப்புத் தோழன். அவனுடைய அத்தா படுத்த படுக்கையானதும் பம்மலில் இருந்த தோல் பட்டறை அவன் தலையில் விழுந்தது. வழக்கமாக வாங்கியவர்கள் நின்றுவிட்டார்கள். வெளிநாட்டில் நேரடியாக ஒரு வியாபாரி கிடைத்தால்தான் அங்கே எட்டுப் பேருக்கு வேலை நீடிக்கும். அதற்காகத்தான் இணையதளம்.

அவன் கொடுத்த படங்களைப் பார்த்ததும் முகம் சுளித்தேன். பதனிட்ட ஆட்டுத்தோல்களின் மேல் அங்கங்கே வெள்ளை வட்டங்கள். உண்ணி கடித்த தழும்போ கத்திக் கீறலோ, வாங்குபவர் கண்ணில் முதலில் அதுதான் படவேண்டும் என்று சாக்பீஸால் வட்டம் போடுவது அவர்கள் பட்டறை வழக்கம். எனக்கு அது அழுக்காகத் தெரிந்தது. ஆஸ்பத்திரிக்கும் பட்டறைக்கும் அலைந்துகொண்டிருந்த அவன், எல்லாவற்றையும் என்னையே பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டான். நான் வட்டங்களை அழித்தேன். அழித்த கையோடு தழும்புகளையும் அழித்தேன். பார்ப்பவர் மனம் அசைய வேண்டுமே. தோல்கள் வெண்ணெய் போல மின்னின. எனக்கு ஒரே பெருமை.

ஒரு வியாபாரி கிடைத்தார். தளத்தைத் திறந்து பார்க்க நேரமில்லாத தோழன், வழக்கம்போல வட்டங்களோடுதான் சரக்கை அனுப்பினான். அப்படியே திரும்பி வந்தது. படத்தில் இல்லாத குறைகள் தோலில் இருக்கின்றன, இனி உங்களை எப்படி நம்புவது என்று கேட்டு ஒரு மெயில்.

தோழன் என் அறைக்கு வந்து, தளத்தில் இருந்த படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தான். கத்துவான் என்று காத்திருந்தேன்.

"அந்த மூணுல மொத ஒண்ணையே அழிச்சிட்ட மச்சான்" என்றான்.

பிறகு, தவறு தன்னுடையது என்று பதில் அடிக்கச் சொன்னான். நான் கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டேன். படங்களைத் திருத்தியது நான்தான் என்று எழுதிவிடலாமே என்றேன்.

"அவருக்கு நீ யாருன்னே தெரியாது. தோல் என்னுது. அடி."

அடித்தேன். கீழே அவன் பெயரைப் போட்டு அனுப்பினேன். அவமானமாக இருந்தது. உள்ளுக்குள் கொஞ்சம் நிம்மதியாகவும் இருந்தது. அதை நினைத்தால்தான் இன்றும் கூசுகிறது.

பதில் வரவில்லை. இரண்டு மாதம் ஓட்டிப் பார்த்துவிட்டுப் பட்டறையை மூடினான். கடைசி நாளில் எட்டுப் பேரும் அவனைச் சுற்றி நின்று, பொய்ப் படம் போட்டு எங்கள் பிழைப்பைக் கெடுத்தாயே என்று கேட்டார்கள். அவன் தலை குனிந்து நின்றான். நான் அவனுக்குப் பக்கத்தில்தான் நின்றேன். வாயைத் திறக்கவில்லை.